நாற்பத்திரண்டாவது பலகையின் பின்பக்கம்

1973 செப்டம்பர் 10, திங்கள். லெனின்கிராடு

இன்று முதல் வகுப்பு. முப்பத்தைந்து ஆண்டுகளாக முதல் வகுப்பை நான் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன். மரப்பலகையில் வரைந்த பழைய திருவுருவப் படம் ஒன்றைச் சேமிப்பறையிலிருந்து வரவழைத்து, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்திவிடுவேன். இருபத்திரண்டு பேரும் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் அந்தப் பலகையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒருவன் இரண்டாவது நிமிடத்திலேயே கொட்டாவி விட்டான். பலகையில் எத்தனை ஆணித் துளை என்று அவனிடம் கேட்டேன். ஏழு என்றான். பதினொன்று.

வரைந்தவன் முகப்பக்கத்தில் பொய் சொல்லலாம். அடுத்த நூற்றாண்டில் வந்தவன் அதன்மேல் இன்னொரு பொய்யைப் பூசலாம். பின்பக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மரத்தைப் பழங்காலத்தில்போல் வாய்ச்சியால் செதுக்கினார்களா, பிற்காலத்தில்போல் ரம்பத்தால் அறுத்தார்களா என்று பார்த்தாலே பாதி வயது தெரிந்துவிடும். முதலில் திருப்பிப் பார், பிறகு பேசு. மாணவர்கள் இதற்கு ‘ஷுபினாவின் விதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் பெயர் ரிம்மா பவ்லொவ்னா ஷுபினா என்பதால் நானும் மறுத்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் தினாரா வந்தாள். கசானிலிருந்து வந்து என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற பெண். இருபத்தேழு வயது. எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“ரிம்மா பவ்லொவ்னா, உங்க புத்தகத்துல நாப்பத்திரண்டு படம் இருக்கு. நாப்பத்தியொரு படத்துக்குப் பின்பக்கப் புகைப்படமும் போட்டிருக்கீங்க. கடைசிப் படம், வெர்கோலூகா தேவதூதர், அதுக்கு மட்டும் இல்லையே?”

“நெகட்டிவ் தகடு உடைஞ்சுபோச்சு.”

“ஓ,” என்று சொல்லிச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். அதில் எழுத என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் ஹெர்ரிங் மீன் வாங்கினேன். உப்பு அதிகம்.

செப்டம்பர் 14, வெள்ளி

டிசம்பர் 14-ஆம் தேதி எனக்கு அறுபது வயது ஆகிறதாம். அறிவித்தவர் எங்கள் நிறுவனத் தலைவர் வெனியமின் இல்லிச் புபென்சொவ். அவர் அறிவிக்கும்வரை இங்கே யாருக்கும் வயது ஆவதில்லை.

பெரிய அரங்கில் விழா. பழைய மாணவர்கள் எழுதும் கட்டுரைத் தொகுப்பு. என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு. விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர், கடைசி விரலை மடக்காமல் உயர்த்திப் பிடித்தார்.

“இன்னொண்ணு இருக்கு, ரிம்மா பவ்லொவ்னா. வசந்தத்துல டோக்கியோவுல நம்ம கண்காட்சி. உங்க தேவதூதர்தான் அட்டைப்படம்!”

என் தேவதூதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 1951 கோடையில் வடக்கே வெர்கோலூகா என்ற ஊரின் பூட்டிக் கிடந்த கோயிலில், மெழுகுவத்திக் கரிக்கு அடியிலிருந்து அதைக் கண்டெடுத்தவள் நான். பதினைந்தாம் நூற்றாண்டுப் படம் என்று நிறுவியவளும் நான். அந்த ஆய்வுக்குத்தான் உயர்பட்டம் வந்தது, பிறகு பேராசிரியர் பதவி வந்தது. இன்று பள்ளிப் பாடப்புத்தகத்தில்கூட அந்த முகம் இருக்கிறது.

விழா மலருக்கு ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமாம். “எளிமையா எழுதுங்க, ஆனா கம்பீரமா இருக்கணும்,” என்றார் புபென்சொவ்.

செப்டம்பர் 16, ஞாயிறு

வாழ்க்கைக் குறிப்பு. முதல் படி:

பிறப்பு 1913, வோலக்தா. தந்தை கால்நடை மருத்துவர். குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்லுவார், விற்கிறவனின் வாயைப் பார்க்கவே மாட்டார். 1931இல் கலை வரலாறு படிக்க லெனின்கிராடு வந்தேன். 1938 முதல் ஆசிரியர். போர்க்காலத்தில் நகரம் முற்றுகையில் இருந்தபோது சேமிப்பறையில் காவல் பணி. உறைந்த ஆற்றைக் குடைந்து தண்ணீர் எடுத்து வருவோம். 1945 முதல் வடக்கு ஆறுகளின் கரையோரக் கோயில்களில் பதினோரு களப்பயணங்கள். 1951

1951 என்று எழுதிவிட்டு எழுந்து போய்ச் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். பிறகு இன்னொரு சட்டைக்கும் தைத்தேன்.

அக்டோபர் 1, திங்கள்

டோக்கியோவிலிருந்து படிவம் வந்திருக்கிறது. அட்டைப்படத்துக்குரிய படைப்பின் காலத்தை இரண்டில் ஒரு வழியில் உறுதி செய்யலாம். ஆய்வுக்கூடத்தில் நிறத்துணுக்கு எடுத்துச் சோதித்த முடிவு, அல்லது காலத்தைக் கணித்த நிபுணரின் கையெழுத்து. புபென்சொவ் இரண்டாவதன் கீழே என் பெயரைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார்.

“ஒரு கையெழுத்து, அரை நிமிஷ வேலை. ஆய்வுக்கூடத்துக்குப் போனா ஊசியால குத்துவாங்க, சுரண்டுவாங்க. எதுக்கு?”

“கண்ணாடியை வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.”

கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. அதைச் சொல்லும் துணிச்சல் அவருக்கு இல்லை. படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 7, ஞாயிறு

குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் சீவி உப்பிட்டேன். ஐந்து பெரிய கோஸ். தனியாளுக்கு இது அதிகம் என்று ஒவ்வொரு வருடமும் தெரிகிறது, ஒவ்வொரு வருடமும் ஐந்துதான் வாங்குகிறேன். கேரட் மட்டும் போட்டேன். ப்ரோனின் பிடிவாதமாகக் கிரான்பெர்ரி பழமும் போடுவார். ஜாடி முழுக்கச் சிவந்துவிடும்.

மகார் சவ்விச் ப்ரோனின் அந்தக் காலத்தில் சீரமைப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். தேவதூதர் படத்தின் மேலிருந்த கரியையும் பிற்காலப் பூச்சுகளையும் அகற்றியவர். இந்தக் குறிப்பேட்டில் அவர் பெயர் வரவேண்டிய அவசியம் இல்லை.

தினாராவிடம் நான் சொன்னது சரியில்லை. தகடு உடையவில்லை. பின்பக்கத்தை எடுக்கப் போனபோது தகடுகள் தீர்ந்துவிட்டன. இரண்டும் ஒன்றுதான்.

அக்டோபர் 9, செவ்வாய்

படிவம் இன்னும் மேஜைமேல் இருக்கிறது. அதன்மேல் அகராதியை வைத்தேன்.

அக்டோபர் 15, திங்கள்

தினாரா கையில் ஒரு பழுப்புக் கோப்புடன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“அந்தப் படத்தோட பின்பக்கத்தைப் புகைப்படம் எடுத்ததா பதிவேட்டுல எங்கேயுமே இல்ல. சரி, சீரமைப்புக் கோப்புல ஏதாவது இருக்கும்னு தேடிப் போனேன்.”

“உன்னை யாரு அங்க போகச் சொன்னது?”

“நீங்கதான் சொன்னீங்க. முதல்ல திருப்பிப் பார்னு.”

கோப்பில் இரண்டு அறிக்கைகள். இரண்டும் 1951 நவம்பர். ஒன்று ப்ரோனினுடையது, பென்சிலில் எழுதிய ஒன்றரைப் பக்கம். பலகை ரம்பத்தால் அறுத்தது. மரத்தில் முதன்முதலாக இடும் வெண்பூச்சின் மேல் நேராகப் படிந்திருக்கும் முதல் நிறமே பெர்லின் நீலம். பழைய பாணியில் கைதேர்ந்த ஒருவர் பக்தியோடு பிற்காலத்தில் வரைந்த நல்ல படம். பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. இதில் விளக்க எதுவும் இல்லை. பெர்லின் நீலம் 1700-க்குப் பிறகே உலகத்துக்கு வந்த நிறம் என்பது முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும்.

இன்னொன்று என்னுடையது. தட்டச்சில் ஆறு பக்கம். நீலம் மேலே இருந்த பிற்காலப் பூச்சைச் சேர்ந்தது, கரைப்பானை அளவுக்கு மேல் விட்டுத் துடைத்ததில் அது கீழே இறங்கிக் கலந்துவிட்டது, கலக்கியவர் சீரமைப்பாளர். இரண்டையும் விசாரித்த நிபுணர் குழு என் ஆறு பக்கத்தை ஏற்றுக்கொண்டது. தேவதூதர் பதினைந்தாம் நூற்றாண்டுக்குப் போனார். ப்ரோனினின் பெயர் சீரமைப்பாளர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு எந்த அருங்காட்சியகமும் அவருக்கு வேலை தர முடியாது.

தினாரா ஐந்தாம் பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

“இங்க ஒரு வரி இருக்கு. ‘சீரமைப்பாளருக்குக் கைநடுக்கம் உண்டு, அவர் வேலையை நம்ப இயலாது.’ கூடத்துல அவரோட வேலை பார்த்த நாலு பேர் வாக்குமூலம் குடுத்திருக்காங்க. ஒருத்தர்கூடக் கை நடுங்கினதா சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“காலையில டீ குடிக்கறப்போ நடுங்கும். முற்றுகைக் குளிர்ல வந்தது. வேலைக்கு உக்காந்தா நின்னுடும்.”

“காலையில டீ குடிக்கறப்போ…”

“பதிமூணு வருஷம் அவர் எதிர்ல உக்காந்து டீ குடிச்சவ நான். அவர் பொண்டாட்டி. போதுமா?”

அவள் முகம் சிவந்தது. நோட்டில் எதுவும் எழுதவில்லை. கோப்பை மூடிக்கொண்டே, “வேலைக்கு உக்காந்தா நின்னுடும்னு நீங்க அறிக்கையில எழுதலையே,” என்றாள்.

கோப்பை எடுத்த இடத்தில் வைக்கச் சொன்னேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

தினாராவை வேறு யாராவது ஒருவரின் மேற்பார்வைக்கு மாற்ற முடியுமா என்று புபென்சொவிடம் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். காரணம் என்ன எழுதட்டும் என்றார். அடக்கமில்லை, ஆதாரங்களைச் சரியாகக் கையாளத் தெரியவில்லை என்று சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 17, புதன்

காலையில் பல் துலக்கும்போது நேற்றுச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆதாரங்களைச் சரியாகக் கையாளத் தெரியவில்லை. இதையேதான் முன்பும் எழுதினேன், வார்த்தைகள்தான் கொஞ்சம் வேறு. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

எட்டரை மணிக்கே போய்ப் புபென்சொவின் அறை வாசலில் நின்று அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக் கிழித்தேன். பெண்களின் மனசு என்று ஏதோ தொடங்கினார். என் பார்வையைப் பார்த்துவிட்டு வானிலைக்குத் தாவினார்.

தினாராவைத் தேடிப் பிடித்தேன். நூலகத்தில் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள், அதுவே விதிமீறல். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, பத்து மணிக்கு வா, கையுறை கொண்டு வா என்றேன்.

“எதுக்கு?”

“திருப்பறதுக்கு. என்னால தனியா தூக்க முடியாது.”

அக்டோபர் 22, திங்கள்

தேவதூதர் மூன்றடி நாலங்குல உயரம். இருவருமாகச் சுவரிலிருந்து இறக்கி, கம்பளி விரித்த மேஜையில் முகம் கீழே இருக்கும்படி கிடத்தினோம். தினாரா விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். மேலிருந்து கீழ்வரை சீரான ரம்பக் கோடுகள். பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. கொட்டாவி விட்ட அந்தப் பையன்கூட இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பான்.

தினாரா எதுவும் பேசவில்லை. பத்து நிமிடம் என்று நினைத்திருப்பாள்.

இப்போது எழுதிவிடுகிறேன். தகடு உடையவில்லை. தகடு தீரவும் இல்லை. பையில் ஆறு தகடு மிச்சம் இருந்தது. 1951 ஆகஸ்டில் வெர்கோலூகா கோயிலில் நான் இந்தப் பலகையைத் திருப்பினேன். இந்தக் கோடுகளைப் பார்த்தேன். திரும்பவும் மாட்டிவிட்டு வெளியே வந்து ஆற்றில் முகம் கழுவினேன். எனக்கு முப்பத்தேழு வயது. என்னோடு படித்தவர்கள் ஆளுக்கொரு பெரிய கண்டுபிடிப்போடு இருந்தார்கள். என்னிடம் ஒழுங்கான நாற்பத்தியொரு சாதாரணப் படங்கள் இருந்தன. இந்த முகம் எனக்கு வேண்டியிருந்தது. பிற்காலத்தில் யாரோ பலகையை மெலிதாக்க அறுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானே கேட்டுக்கொண்டதால் நம்புவது சுலபமாக இருந்தது.

மகார் மூன்றாவது மாதம் நீலத்தைக் கண்டார். வீட்டுக்கு வந்து முதலில் என்னிடம்தான் சொன்னார். அறிக்கையை நாளைக்குக் கொடுக்கிறேன், நீ மனதைத் தயார் செய்துகொள் என்று எனக்காக வருத்தப்பட்டார். நான் அன்றே தட்டச்சு இயந்திரத்தை எடுத்துவிட்டேன்.

முதலில் திருப்பிப் பார் என்பதும் அவர் சொன்னதுதான். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட வருடம் சொன்னார்.

தினாராவிடம் சொன்னேன், நிறத்துணுக்கு எடுக்க ஆய்வுக்கூடத்துக்கு விண்ணப்பம் எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அக்டோபர் 28, ஞாயிறு

ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் காகிதப் பட்டை ஒட்டினேன். முட்டைக்கோஸ் புளித்துவிட்டது.

நவம்பர் 2, வெள்ளி

முடிவு வந்தது. ஊசிமுனை அளவு துணுக்கை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். வெண்பூச்சு, அதன்மேல் நேராகப் பெர்லின் நீலம், அதன்மேல் மற்ற நிறங்கள், எல்லாவற்றுக்கும் மேல் பழைய வார்னிஷ் முழுதாக இருக்கிறது. எதுவும் எதோடும் கலக்கவில்லை. துடைத்தவரின் வேலை குறை சொல்ல முடியாதது என்று கேட்காமலே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டிராமில் வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

நவம்பர் 5, திங்கள்

புபென்சொவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

“பெர்லின் நீலம்னா அது ஜெர்மன்காரன் சமாச்சாரம். ஜப்பான்காரனுக்கு என்ன வந்தது?”

“வெனியமின் இல்லிச், விளையாடாதீங்க.”

“நான் எங்க விளையாடறேன்? படம் மாறிடுச்சா? அதே முகம்தானே? ஜனங்க வந்து நின்னு பார்த்து அழறாங்க. நாங்க யாரும் உங்களை ஒண்ணும் கேக்கலையே. எதுக்கு உங்க பேரை நீங்களே கெடுத்துக்கறீங்க?”

“என் பேருக்கு ஒண்ணும் ஆகல. ப்ரோனின் பேர்தான் இருபத்திரண்டு வருஷமா கெட்டுக் கிடக்குது.”

“அந்த ஆள் இப்போ எங்க இருக்காருன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். கண்ணாடித் தொழிற்சாலை ஊர்ல, தொழிலாளர் மன்றத்துல, அறிவிப்புப் பலகைக்கு எழுத்து எழுதறார்.”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, இரண்டாம் பதிப்பு நின்றுவிடும், பாடமும் கைவிட்டுப் போகலாம், உயர்பட்டத்தைப் பற்றிக்கூடக் கேள்வி வரும் என்று வரிசையாகச் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார், அதனால் எனக்குக் கோபம் வரவில்லை.

“புத்தகத்தை நாப்பத்தியொரு படத்தோட போடுங்க,” என்றேன். “விழாவை நிறுத்த வேண்டாம். அன்னைக்கு நான்தானே பேசணும்?”

“நீங்கதான். என்ன தலைப்பு போடட்டும்?”

“‘ஒரு படத்தின் வாழ்க்கை.’ கம்பீரமா இருக்குல்ல?”

டோக்கியோ படிவத்தை அகராதிக்கு அடியிலிருந்து எடுத்து, முதல் வழியில் குறியிட்டு, ஆய்வு முடிவின் நகலை இணைத்து நானே தபாலில் சேர்த்தேன்.

நவம்பர் 25, ஞாயிறு

உரை எழுதி முடித்தேன். பதினாறு பக்கம். படித்துப் பார்த்தால் பதினைந்து பக்கம் என்னைப் பற்றியே இருக்கிறது. நான் எவ்வளவு வேதனைப்பட்டேன், காலம் எப்படி இருந்தது, ஒரு பெண் ஆய்வாளருக்கு எத்தனை தடை. எல்லாம் உண்மைதான். எல்லாவற்றையும் அடித்தேன். இரண்டு பக்கம் மிஞ்சியது.

டிசம்பர் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. என் மாணவர்கள் எத்தனை ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள்! தலை நரைத்தவர்கள், அருங்காட்சியகக் காப்பாளர்கள், பேராசிரியர்கள். புபென்சொவ் வாழ்த்துரை நாற்பது நிமிடம் பேசினார். தினாரா புரொஜெக்டர் அருகில் நின்றிருந்தாள். முதல் ஸ்லைடில் தேவதூதரின் முகம் வந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

“அடுத்தது,” என்றேன்.

பின்பக்கம் வந்தது. நான் வளர்த்த கண்கள் அவை, விளக்கம் தேவைப்படவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். சிலர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்கள்.

மகாரின் ஒன்றரைப் பக்க அறிக்கையை முழுதாகப் படித்தேன். தேதியும் அவர் பெயரும் சேர்த்து. பிறகு ஆய்வுக்கூட முடிவைப் படித்தேன். பிறகு என் ஆறு பக்கத்திலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் படித்தேன். “இந்த வரியை எழுதியது ரிம்மா ஷுபினா. அப்போது அவள் ப்ரோனினின் மனைவி. அவர் கை வேலையில் நடுங்காது என்று அவளுக்குத் தெரியும். பலகையின் பின்பக்கத்தையும் அவள் பார்த்திருந்தாள்,” என்றேன். 1951ஆம் ஆண்டு முடிவை ரத்து செய்யும்படி குழுவுக்கு எழுதிய மனுவைப் படித்து, மேடையிலேயே கையெழுத்திட்டேன். என் மாணவர்கள் எல்லோரின் மனத்திலும் பதினைந்தாம் நூற்றாண்டு என்று பதித்ததற்கு வருந்துகிறேன், திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி இறங்கினேன்.

கைதட்டல் இல்லை. என் முதல் மாணவர், இன்று பெரிய காப்பாளர், என்னைப் பார்க்காமல் வெளியே போனார். எனக்கு வலித்தது. இன்னொருத்தி வந்து மனுவின் கீழே தானும் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டாள். பதினேழு பேர் போட்டார்கள்.

கேக் பாதிக்குமேல் மிச்சம். தினாரா ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தாள்.

டிசம்பர் 17, திங்கள்

வசந்தப் பருவ அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர் இல்லை. திங்கள் பதினோரு மணிக்கு அந்த வகுப்பறை காலியாக இருப்பதாகப் போட்டிருக்கிறது. காலியான அறையில் உட்கார யாருடைய அனுமதியும் வேண்டாம், வருகிறவர்கள் வரட்டும் என்று அதன் கீழே பென்சிலில் எழுதிவிட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். கொட்டாவிப் பையன் மூன்றாவது.

டிசம்பர் 27, வியாழன்

குழுவின் முடிவு. 1951 தீர்மானம் ரத்து. ம. ச. ப்ரோனினின் கண்டறிதல் சரியானது. அவர் பெயர் மீண்டும் சீரமைப்பாளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் சரி.

பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாமே என்றாள் தினாரா. அவளுக்கு என்மேல் இரக்கம். தபாலில் போகிற காரியமாக இருந்தால் எப்போதோ போயிருக்கும் என்றேன். சனிக்கிழமை காலை ரயிலுக்குச் சீட்டு எடுத்தேன்.

டிசம்பர் 30, ஞாயிறு. கண்ணாடித் தொழிற்சாலை ஊர், விருந்தினர் அறை

நேற்று மதியம் இரண்டு மணிக்கு இறங்கினேன். மன்றத்தில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்தவரின் சட்டைக் கையில் சிவப்பு வண்ணம் இருந்தது; புத்தாண்டு அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தாராம். அறுபத்தாறு வயது. முதுகு நிமிர்ந்தேதான் இருக்கிறது.

“ரிம்மா பவ்லொவ்னா,” என்றார். “உள்ள வாங்க. காலைத் துடைச்சிக்குங்க, பனி.”

என்னை அவர் ‘வாங்க’ என்று சொன்னது கல்யாணத்துக்கு முன்பு. நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் தாள்களை நீட்டினேன். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தார். குழுவின் முடிவை மேலோட்டமாகப் பார்த்து ஒதுக்கினார். ஆய்வுக்கூடத் தாளை எடுத்தவர் அதைக் கீழே வைக்கவில்லை.

“நீலம் வெண்பூச்சு மேலேயே இருக்குன்னு எழுதியிருக்கு.”

“ஆமா.”

“மேலேருந்து இறங்கினது இல்லையா?”

“இல்ல. பழைய வார்னிஷ் முழுசா இருக்கு. எதுவும் எதோடயும் கலக்கல.”

அவர் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி படித்தார். திரும்பி என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருந்தது.

“அப்போ நான் அந்தப் படத்தைக் கெடுக்கலையா?”

“மகார், என்ன கேக்கறே? உனக்குத்தான் தெரியுமே! நீதானே முதல்ல எழுதினே!”

“எழுதினேன். அப்புறம் உன் ஆறு பக்கத்தைப் படிச்சேன். உன் கண்ணு எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியாதா, ரிம்மா? காலையில கை நடுங்குதே, வேலையிலும் நடுங்கியிருக்கும், நமக்குத் தெரியல, இவ பார்த்திருக்கான்னு நினைச்சேன். ஐநூறு வருஷமா இருந்த முகத்தை ஒரு துணியால கலக்கிட்டோமேன்னு…” தாளை மடித்தார். “அதுக்கப்புறம் பழைய படம் எதையும் தொட மனசு வரல. வேலைக்குக் கூப்பிட்டாங்க, ரெண்டு இடத்துல, பட்டியல் கிட்டியல் எல்லாம் பார்க்காம. நான்தான் போகல.”

இருபத்திரண்டு வருடமாக இவர் உண்மை தெரிந்து என்னை வெறுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்திருக்கிறது, அது நேற்றுத்தான் புரிந்தது. இவர் என்னை வெறுக்கவே இல்லை. என்னை நம்பியிருக்கிறார். என்னை நம்பித் தன் கையை நம்பாமல் விட்டிருக்கிறார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். ரயிலில் ஏழு மணி நேரம் மன்னிப்புக் கேட்பதற்காகத் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள் எல்லாம் வேறு ஏதோ ஒரு குற்றத்துக்கானவை. அவற்றை விட்டுவிட்டு, கோட்டைக் கழற்றி எதிரில் உட்கார்ந்து, வெர்கோலூகா கோயிலில் பலகையைத் திருப்பியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.